அத்தை மகனும் மாநில எல்லையும்

கேள்வி:

மேடம், என் கணவர் எனக்கு அத்தை மகன். என் அப்பாவின் கூடப் பிறந்த தங்கையின் பிள்ளை. 2017-இல் நாங்கள் இருவரும் நியூஜெர்சியில் இருந்தோம். ஊருக்குப் போய்வர விசா தோதாக இல்லை. அதனால் எடிசனில் கல்யாண லைசென்ஸ் வாங்கி, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். ஒரு பையன் இருக்கிறான். இப்போது அவருக்கு டாலஸுக்கு வேலை மாற்றல். பிளேனோவில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூட வேலை பார்க்கும் தோழி, "டெக்ஸாஸில் கசினைக் கட்டினால் ஜெயில்" என்று சொல்லிவிட்டாள். கூகுளில் தேடியதில் பயம் கூடியதுதான் மிச்சம். ஒரு மாநிலத்தில் நடந்த கல்யாணத்தை இன்னொரு மாநிலம் ஏற்றுத்தானே ஆகவேண்டும்? பாதுகாப்புக்கு டெக்ஸாஸிலும் ஒரு முறை பதிவு செய்துகொள்ளலாமா?

இன்னொரு விஷயம். என் தங்கைக்கு எங்கள் தாய்மாமனையே பேசி முடித்திருக்கிறார்கள். மாமா கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்டில் இருக்கிறார், கிரீன் கார்டு உண்டு. ஆவணியில் தூத்துக்குடியில் கல்யாணம். அவர்களுக்கும் இந்தச் சிக்கல் வருமா?

– வாசகி, நியூஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டெக்ஸாஸில் மறுபடி பதிவு செய்யும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம். இருக்கிற கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது. டெக்ஸாஸில் கவுண்டி கிளார்க் (மாவட்டப் பதிவு அதிகாரி) தரும் லைசென்ஸ் விண்ணப்பத்தில் ஒரு பட்டியல் அச்சிட்டிருக்கும். எதிரில் நிற்பவர் எனக்குப் பெற்றோர் இல்லை, உடன்பிறப்பு இல்லை, பெற்றோரின் உடன்பிறப்பு இல்லை என்று வரிசையாகப் போய், கடைசியில் "என் தாய் அல்லது தந்தையின் உடன்பிறந்தவருடைய மகனோ மகளோ இல்லை" என்று வந்து நிற்கும். சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் கிடையாது. பொய் சொன்னால் அதுவே குற்றம். லைசென்ஸ் வாங்காமலே கணவன் மனைவியாக வாழ்கிறோம் என்று அறிவிக்க அங்கே வேறொரு படிவம் உண்டு. அதிலும் இதே பட்டியல்தான். நல்லபடியாக நடந்த கல்யாணத்துக்கு மேல் ஒரு பொய்ச் சத்தியத்தை எதற்காகப் போட்டு வைக்கவேண்டும்? உங்கள் கல்யாணம் நியூஜெர்சியில் முடிந்துவிட்டது. நியூஜெர்சி சட்டத்தில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்குத் தடையே இல்லை.

இனி, உங்கள் தோழி சொன்ன "கசின்". நம் பாஷையில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை. சித்தப்பா பையன் அண்ணன் அல்லது தம்பி. பெரியம்மா பெண் அக்கா. அவர்களைக் கட்டுவது என்ற பேச்சே காதில் விழக்கூடாது. அத்தை மகனும் மாமன் மகனும் முறை மாப்பிள்ளைகள். இரண்டுக்கும் நடுவே நாம் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அமெரிக்கச் சட்டம் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. தாத்தா பாட்டி ஒருவரேயானால் எல்லோரும் ஒரே வட்டம். சட்டக் கல்லூரியில் எனக்கு இது முதலில் உறைத்தது, மாநிலங்களின் சட்டங்கள் ஒன்றோடொன்று மோதும் வழக்குகளைப் படித்தபோது. பாடப்புத்தகத்தில் அந்த வழக்குகளுக்கு "தகாத உறவு" என்று தலைப்பு. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். வகுப்பில் எல்லோரும் முகம் சுளித்தபடி பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மாலையும் கழுத்துமான அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நினைத்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். "ஏற்றுத்தானே ஆகவேண்டும்?" இல்லை. இதைக் கேட்டு அமெரிக்கர்களே ஆச்சரியப்படுவார்கள். ஒரு மாநிலத்தின் சட்டங்களுக்கும் ஆவணங்களுக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கும் மற்ற மாநிலங்கள் முழு நம்பிக்கையும் மதிப்பும் தரவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் நான்காவது பிரிவில் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் கல்யாணமும் அதில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் காட்டி ஒரு மாநிலத்துக் கல்யாணத்தை இன்னொரு மாநிலத்தின் தலையில் கட்டியதே இல்லை. தீர்ப்பு வேறு, லைசென்ஸ் வேறு. நீதிபதி இரு தரப்பையும் கேட்டு எழுதிய தீர்ப்பு எல்லை தாண்டும். ஒரு கிளார்க் முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்துக்கு அந்த வலு இல்லை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்துக்கு இல்லாத மரியாதை விவாகரத்துக்கு உண்டு. 1940-இல் வட கரோலினாவைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும், இருவரும் வேறு வேறு ஆட்களை மணந்தவர்கள், லாஸ் வேகஸுக்குப் போனார்கள். நெவாடாவில் ஆறு வாரம் தங்கினால் விவாகரத்து கேட்கலாம். தங்கினார்கள், வாங்கினார்கள், அங்கேயே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வட கரோலினா இருதார வழக்குப் போட்டது. 1942-இல் உச்ச நீதிமன்றம் நெவாடாவின் விவாகரத்துத் தீர்ப்பை மதித்தே ஆகவேண்டும் என்றது. மூன்று வருடம் கழித்து, அவர்கள் நெவாடாவில் உண்மையாகக் குடியிருக்கவில்லை என்று சொல்லி, அதே ஜோடியின் தண்டனையை அதே நீதிமன்றம் உறுதி செய்தது வேறு கதை. ஆனால் இரண்டு தடவையும் வாதம் விவாகரத்துத் தீர்ப்பைப் பற்றித்தான்.

அப்படியானால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் கோடிக்கணக்கான தம்பதிகள் எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள்? பழைய வழக்கம்தான் காரணம். கல்யாணம் நடந்த இடத்தில் செல்லுமானால் எங்கும் செல்லும் என்பது மாநில நீதிமன்றங்கள் தாமாகவே கடைப்பிடித்துவரும் விதி. அண்டை வீட்டுக்காரருக்குக் காட்டும் மரியாதை மாதிரி. மரியாதை என்பதால் அதற்கு எல்லையும் உண்டு. "எங்கள் மாநிலத்தின் ஆழமான கொள்கைக்கு இது விரோதம்" என்று நீதிமன்றம் நினைத்தால் மறுக்கலாம். எதை அப்படி நினைப்பார்கள் என்பதில்தான் சிக்கலெல்லாம். 1958-இல் வெர்ஜினியாவின் ஷெரிஃப் நடு இரவில் லவிங் தம்பதியின் படுக்கையறைக்குள் நுழைந்தார். அவர் வெள்ளைக்காரர், அவள் கறுப்பினப் பெண். தலைநகர் வாஷிங்டனில் செய்துகொண்ட கல்யாணத்தின் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. அது இங்கே செல்லாது என்றார் ஷெரிஃப். அந்த மாதிரிச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிய 1967 வரை ஆனது. அதுவும் "மற்ற மாநிலத்துக் கல்யாணத்தை மதி" என்ற அடிப்படையில் இல்லை. தடையே சமத்துவத்துக்கு விரோதம் என்ற அடிப்படையில்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கதை சொல்லவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை. 2013 ஜூலையில் ஒஹையோ மாநிலம் சின்சினாட்டியிலிருந்து ஒரு சிறிய மருத்துவ விமானம் மேரிலாண்டுக்குப் பறந்தது. உள்ளே ஜிம் ஓபெர்கஃபெல், நரம்பு நோயால் படுத்த படுக்கையாகிவிட்ட அவருடைய துணைவர் ஜான் ஆர்தர். பால்டிமோர் விமான நிலையத்தின் ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே கல்யாணம். அப்படியே திரும்பி ஊருக்குப் பறந்துவிட்டார்கள். ஒஹையோ அப்போது ஓரினத் திருமணத்தை ஏற்கவில்லை. ஜான் இறந்தால் இறப்புச் சான்றிதழில் "மணமாகாதவர்" என்றுதான் எழுதுவார்கள். வழக்குப் போட்டார்கள். கூட்டாட்சி நீதிபதி டிமதி பிளாக் அந்த மாதமே தடை உத்தரவு கொடுத்தார். அதில் அவர் எடுத்துக்காட்டியது யாரை என்று நினைக்கிறீர்கள்? உங்களைப் போன்றவர்களை. ஒஹையோவில் கசின்கள் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ஆனால் வெளி மாநிலத்தில் செய்துகொண்டு வந்தால் ஒஹையோ ஏற்றுக்கொள்ளும். 1958-இலேயே மாசசூசெட்ஸில் மணந்த கசின் தம்பதி ஒன்றின் கல்யாணம் செல்லும் என்று ஒஹையோவின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களை ஏற்கும் நீங்கள் இவர்களை மட்டும் ஏற்காதது ஏன் என்பது நீதிபதியின் கேள்வி. அந்த வழக்குதான் வளர்ந்து 2015 ஜூன் 26-இல் நாடு முழுவதும் ஓரினத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்கியது. வெளி மாநிலத்து ஓரினத் திருமணத்தை எல்லா மாநிலமும் ஏற்கவேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆக, அத்தை மகனைக் கட்டியவர்கள் அந்த வழக்குக்கு ஒரு படிக்கட்டாக இருந்திருக்கிறார்கள். யாரும் நமக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

ஒஹையோ தனி ஆள் இல்லை. இந்தியானா கசின்களுக்கு இருவருக்கும் 65 வயது ஆகியிருந்தால்தான் லைசென்ஸ் தரும். ஆனால் டென்னசியில் மணந்து குடிவந்த ஒரு தம்பதியின் கல்யாணத்தை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் ஏற்றது. (அதே டென்னசி 2024-இல் தானே கசின் கல்யாணத்தைத் தடை செய்துவிட்டது. சட்டம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.) லூசியானாவும் தடை செய்த மாநிலம்தான். 1976-இல் ஈரானில் நடந்த கசின் கல்யாணத்தை 2008-இல் அங்கே ஏற்றுக்கொண்டார்கள்.

2022 டிசம்பரில் பைடன் கையெழுத்திட்ட திருமண மதிப்புச் சட்டத்தைப் பற்றியும் நீங்கள் கூகுளில் பார்த்திருப்பீர்கள். அதைப் படித்து நிம்மதி அடைந்து எனக்கு எழுதியவர்கள் உண்டு. பாதி நிம்மதிதான் சரி. அந்தச் சட்டம் மாநில அதிகாரிகளிடம் சொல்வது இது: மற்ற மாநிலத்தில் நடந்த இருவர் கல்யாணத்தை அவர்களுடைய பால், நிறம், இனக்குழு, பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி மறுக்கக்கூடாது. உறவுமுறை அந்தப் பட்டியலில் இல்லை. "முறைப்பெண்ணைக் கட்டுவது எங்கள் இனத்து வழக்கம், அதனால் இனக்குழு என்ற சொல்லுக்குள் வரும் என்று வாதிடலாமே?" என்று ஓர் இளம் வக்கீல் என்னிடம் கேட்டார். வாதிடலாம். ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டமாட்டேன். மற்ற பாதி உங்களுக்கு நல்லது. கூட்டாட்சி அரசைப் பொறுத்தவரை கல்யாணம் நடந்த மாநிலத்தில் செல்லுமா என்பதுதான் கேள்வி என்று அதே சட்டம் சொல்கிறது. உங்களுடையது நியூஜெர்சியில் செல்லும். வருமான வரியைச் சேர்ந்து தாக்கல் செய்ய டெக்ஸாஸின் தயவு உங்களுக்குத் தேவையில்லை.

இனி டெக்ஸாஸ். இரண்டு புத்தகங்களைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

குடும்பச் சட்டப் புத்தகம் உங்கள் பக்கம். எந்தக் கல்யாணமும் செல்லும் என்ற அனுமானத்தில்தான் அது தொடங்குகிறது. எவையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்ற பட்டியலில் பெற்றோர், உடன்பிறப்பு, மாமா, அத்தை, சித்தப்பா, அக்கா மகள், அண்ணன் மகள் எல்லாம் இருக்கிறார்கள். கசின் இல்லை. கசினுக்கு லைசென்ஸ் கொடுக்காதே என்று தன் கிளார்க்குகளுக்குச் சொன்ன மாநிலம், கசின் கல்யாணம் செல்லாது என்று எழுதவில்லை. நியூஜெர்சியில் முறையாக நடந்த உங்கள் கல்யாணம் அங்கே நிற்கும் என்பது என் கருத்து. பையனைப் பற்றிய கவலையே வேண்டாம். தாய் மணமானவளாக இருக்கும்போது பிறந்த குழந்தைக்கு அவள் கணவனே தந்தை என்பதுதான் அந்தச் சட்டத்தின் அனுமானம்.

தண்டனைச் சட்டப் புத்தகம் அவ்வளவு இனிமையாக இல்லை. உங்கள் தோழி முழுப் பொய் சொல்லவில்லை. 2005 செப்டம்பரிலிருந்து, பெற்றோரின் உடன்பிறந்தவர் பிள்ளையோடு உடலுறவு கொள்வது டெக்ஸாஸில் மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். 2 முதல் 10 வருடம் வரை சிறை. மணமானவர்களுக்கு விலக்கு என்று ஒரு வரி அதில் இல்லை. நம்மை மனத்தில் வைத்து எழுதிய சட்டமும் இல்லை அது. எல்டொராடோ என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் பலதார வழக்கமுள்ள ஒரு மதப் பிரிவினர் பெரிய பண்ணை வாங்கிக் குடியேறினார்கள். அவர்களைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த திருத்தங்களோடு இதுவும் சேர்ந்து வந்தது. யாருக்கோ விரித்த வலை. மீன் எது என்று வலைக்குத் தெரியாதே.

இந்தப் பிரிவில், வெளி மாநிலத்தில் முறைப்படி மணந்து குடும்பம் நடத்தும் தம்பதியை இழுத்துப்போன வழக்கு எதுவும் என்னிடம் வந்ததில்லை. போலீஸ் வீடு வீடாக வந்து "உன் மாமியார் உனக்கு அத்தையா?" என்று கேட்கப் போவதுமில்லை. பள்ளி, ஆஸ்பத்திரி, வங்கி எதிலும் உறவு கேட்கமாட்டார்கள், கல்யாணச் சான்றிதழ்தான் கேட்பார்கள். ஆனால் குடும்பத்துக்குள் சண்டை வந்து யாராவது கோபத்தில் எழுதிப்போட்டால்? குடியுரிமை விண்ணப்பத்தில் "கைதாகாவிட்டாலும், எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு என்ன எழுதுவது? இதற்கு மட்டும், டெக்ஸாஸில் உரிமம் பெற்ற ஒரு குற்றவியல் வக்கீலிடம் நேரில் போய், எழுத்தில் கருத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் நியூஜெர்சி வக்கீல். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது. தோழியிடம் சொன்னது போகும்; போயிருக்கிறது. பிளேனோவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போகலாம். புது ஊரில், கோயிலில் கிடைத்த புதுச் சிநேகிதிகளிடம் "இவர் எனக்கு அத்தை பையன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவ்வளவுதான். இதை எழுதவே எனக்குக் கசப்பாக இருக்கிறது. நம் ஊரில் அது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

நாளைக்கு அவருக்கு வேறு இடத்துக்கு மாற்றல் வந்தாலும் வரலாம். அரிசோனாவில் சாண்ட்லர் என்றால் வீட்டு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எனக்கு எழுதுங்கள். அரிசோனா வேறு ரகம். கசின் கல்யாணம் செல்லாது என்று எழுதியதோடு, வெளி மாநிலத்தில் நடந்திருந்தாலும் செல்லாது என்று 1996-இல் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டார்கள். 1984-இல் வெர்ஜினியாவில் மணந்து 1989-இல் அங்கே குடிவந்த கசின் தம்பதியின் கல்யாணத்தை 2005-இல் ஓர் அரிசோனா நீதிமன்றம் காப்பாற்றியது. திருத்தத்துக்கு முன்பே வந்துவிட்டவர்கள் என்பதுதான் காரணம். நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள்.

வட கரோலினா என்றால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்களா? அதாவது, உங்கள் அப்பாவின் தங்கையைக் கட்டிய மாமா, உங்கள் அம்மாவின் அண்ணனோ தம்பியோவா? அப்படியானால் உங்கள் கணவர் உங்களுக்கு அத்தை மகனும் மாமன் மகனுமாக ஆகிவிடுகிறார். வட கரோலினா சாதாரண கசின் கல்யாணத்தை அனுமதிக்கிறது. இரட்டைக் கசின் கல்யாணம் செல்லாது என்கிறது. கேரியிலும் ஷார்லட்டிலும் இருக்கும் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான். மேய்ன் மாநிலச் சட்டம்தான் எனக்குப் பிடித்தது: மரபணு ஆலோசனை பெற்றதாக டாக்டர் சான்று கொண்டுவா, கட்டிக்கொள். நியாயமான பேச்சு.

கிளம்புவதற்கு முன் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கோயில் கொடுத்த அழகான சான்றிதழ் ஃபிரேமுக்குத்தான் உதவும். கல்யாணம் நடந்த ஊரின் முனிசிபல் அலுவலகத்தில், முத்திரை வைத்த சான்று நகல் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணம் எல்லை தாண்டுவதில் சந்தேகம் வரலாம் என்பதால், கல்யாணத்தை நம்பியே இருக்காத காகிதங்களும் தேவை. இருவரும் தனித்தனியே உயில் எழுதுங்கள். ஒருவருக்கு நினைவு தப்பினால் சிகிச்சை முடிவை மற்றவர் எடுக்கும் அதிகாரப் பத்திரம், பண விவகாரங்களுக்கு ஒரு அதிகாரப் பத்திரம், இரண்டும் வேண்டும். இவற்றில் எல்லாம் "என் மனைவிக்கு" என்று மட்டும் எழுதாமல் முழுப் பெயரைப் போடச் சொல்லுங்கள். பிறகு யாராவது கல்யாணத்தையே கேள்வி கேட்டாலும் பெயருக்கு எழுதியது பெயருக்குத்தான் போகும். 401(கே) ஓய்வுகாலச் சேமிப்பிலும் இன்சூரன்ஸிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே மறந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளேனோ வீட்டை இருவர் பெயரிலும் வாங்குங்கள். ஒருவருக்குப் பிறகு மற்றவருக்கே முழுதும் சேரும்படி எழுத டெக்ஸாஸில் வழி உண்டு. பத்திரம் எழுதும்போதே கேளுங்கள்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. உங்களுக்குச் சொன்ன ஆறுதல் எதுவும் அவளுக்குப் பொருந்தாது.

இந்தியாவில் தாய்மாமன் கல்யாணத்தில் குறையில்லை. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டம் மாமன், மருமகள் (அதாவது உடன்பிறந்தவர் மகள்) உறவைத் தடை செய்யப்பட்ட உறவுகளில் சேர்த்திருக்கிறது. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் இரு தரப்பின் குல வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது. அந்த விலக்கில்தான் தென்னாட்டில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் ஹார்ட்ஃபோர்டில் கதை வேறு. உடன்பிறந்தவரின் பிள்ளையை மணப்பது கனெக்டிகட்டில் செல்லாது. செல்லாது என்பதோடு நிற்கவில்லை. தெரிந்தே அப்படி மணப்பதே அங்கே குற்றம்.

வெளிநாட்டில் நடந்த கல்யாணம்தானே என்று வாதிட்டுப் பார்த்தாகிவிட்டது. 1951-இல் கனெக்டிகட்டில் வாழ்ந்த ஓர் இத்தாலியர், மனைவியை இழந்தவர், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், இத்தாலிக்குப் போய்த் தன் உடன்பிறந்தவர் மகளை மணந்தார். அங்கே அதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும். அதையும் முறைப்படி வாங்கினார்கள். அவள் அமெரிக்கா வந்தாள், ஒரு மகன் பிறந்தான். 1958-இல் அவர் இறந்தார். அவர் சொத்திலிருந்து விதவைக்குரிய ஜீவனாம்சம் கேட்டாள். 1961-இல் கனெக்டிகட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீ விதவையே இல்லை, ஏனென்றால் நீ மனைவியாகவே இருந்ததில்லை. என் வகுப்பில் படித்த வழக்கு இதுதான். இத்தாலி என்ற இடத்தில் தூத்துக்குடி என்று போட்டுப் படித்தால் உங்கள் தங்கையின் கதை.

நியூயார்க் கொஞ்சம் இளகியது என்பார்கள். 1953-இல் அங்கே ஒரு யூதத் தம்பதியின் வழக்கு வந்தது. மாமன், மருமகள் உறவு, அதுவும் தாயோ தந்தையோ வேறான பாதி ரத்தம். 1913-இல் ரோட் ஐலண்டில் மணந்து நியூயார்க்கில் 32 வருடம் குடும்பம் நடத்தி ஆறு பிள்ளைகள் பெற்றவர்கள். மனைவி இறந்தபிறகு எழுந்த வழக்கில் அந்தக் கல்யாணம் செல்லும் என்றார்கள். 2014-இல், தாயோ தந்தையோ வேறான உறவில் மாமன், மருமகள் நியூயார்க்கிலேயே செய்துகொண்ட கல்யாணமும் செல்லும் என்றார்கள். ஆனால் முதல் வழக்கு ரோட் ஐலண்ட் சட்டம் யூதர்களுக்கு அவர்கள் மத வழக்கப்படி தரும் விலக்கில் நின்றது. இரண்டாவது, பாதி ரத்தம் என்ற நூலிழையில் நின்றது. உங்கள் மாமா உங்கள் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி, முழு ரத்தம். நம் குல வழக்கத்துக்கு விலக்கு எழுதிவைக்க ரோட் ஐலண்டில் யாரும் இல்லை.

குடிவரவும் இதோடு முடிச்சுப் போட்டது. கல்யாணம் நடந்த இடத்தில் செல்லுமா என்று முதலில் பார்ப்பார்கள். நெருங்கிய உறவு என்றால், தம்பதி குடியிருக்கப்போகும் மாநிலம் அதை எப்படிப் பார்க்கிறது என்றும் பார்ப்பார்கள். உங்களுக்கு உதவிய அந்த 2022 சட்டம் வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு நிபந்தனை வைக்கிறது. அப்படி ஒரு கல்யாணம் அமெரிக்க மாநிலம் ஒன்றிலாவது நடந்திருக்க முடியும் என்று இருக்கவேண்டும். அத்தை மகன் என்றால் கலிஃபோர்னியா, நியூயார்க், ஜார்ஜியா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். கூடப் பிறந்த அக்காவின் மகள் என்றால் எந்த மாநிலத்தைச் சொல்வது? மாமா கிரீன் கார்டு வைத்து மனைவிக்கு மனு போட்டால் பெற்றோர் பெயர்கள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் மேஜைக்கு வரும். உங்கள் பாட்டியின் பெயர் மாமாவின் பிறப்புச் சான்றிதழில் தாயாக இருக்கும். உங்கள் அம்மாவின் சான்றிதழிலும் அதே பெயர்தான் இருக்கும். மறைத்தால் அது மோசடி. அதற்குப் பிறகு எந்த வக்கீலும் ஒன்றும் செய்ய முடியாது.

வேண்டாம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை. மாமா ஊரோடு வந்து இருப்பதானால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஹார்ட்ஃபோர்டில்தான் குடித்தனம் என்றால், தங்கை வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிய பிறகு இதெல்லாம் தெரியவருவது பெரிய துரோகம். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் மாமா கனெக்டிகட்டில் ஒரு குடிவரவு வக்கீலையும் ஒரு குடும்ப வக்கீலையும் பார்த்துவிட்டு வரட்டும். தங்கையும் போனில் அந்தப் பேச்சைக் கூடவே கேட்கட்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தாலும், இதை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.